பத்தாய் பக்கம்

எங்கள் சந்தில் ரோடெலைப் போல ஜாக்கிரதையான ஆள் கிடையாது என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் என் கஞ்சிக் கடைக்கு வருவான். பெஞ்சில் உட்காரும் முன் சிகரெட்டுக்குப் பதிலாகக் கையில் வைத்திருக்கும் பாட்டரிப் புகைப் பெட்டியை வாயில் வைத்துக் கடைசியாக ஓர் இழுப்பு இழுத்து, கடை முழுக்க மாம்பழ வாசனைப் புகையை விட்டு, என்னை இரும வைத்து, அப்புறம் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் குட்டி சுவிட்சைக் கீழே தள்ளுவான். அதோடு விடமாட்டான். பின்மூடியை நகத்தால் நெம்பி, உள்ளே இருக்கும் இரண்டு பாட்டரிகளையும் உருவி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுவான். டப்பா சட்டைப் பைக்குப் போகும், வெறும் பெட்டி கால்சட்டைப் பைக்குப் போகும். அதற்கப்புறம்தான் கரண்டியைத் தொடுவான்.

"ஏண்டா, அதான் அணைச்சிட்டியே, அப்புறம் எதுக்கு அதோட குடலை வேற உருவுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழக்கம்க்கா" என்றான்.

நல்ல பழக்கம்தான் என்று விட்டுவிட்டேன். காஸ் சிலிண்டர் தலையில் சிகரெட்டை வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஆம்பிளைகள் வாழும் தெரு இது. அவர்களுக்கு நடுவில் இப்படி ஒருத்தன் இருப்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ரோடெலும் அவன் பெண்டாட்டி ஜோசலினும் ரொசாரியோ தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள். அவன் மெஷின் ரிப்பேர். அவள் லைன் கடைசியில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாகச் சில்லுப் பலகைகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பவள். ஐந்து மாத ஒப்பந்தம், இன்னும் ஐந்து மாத ஒப்பந்தம் என்று இழுத்து இழுத்து, ஒருநாள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். புகைப் பெட்டி மோகம் இமுஸ் ஊரையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த சமயம் அது. சிகரெட் பிடித்த பையன்கள், பிடிக்காத பையன்கள், எல்லோர் கையிலும் ஒரு பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் யார் பெரிய மேகம் விடுவது என்று போட்டி வேறு. ரோடெல் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, தானே பெட்டி செய்ய ஆரம்பித்தான்.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் நான் இஞ்சியை நசுக்கி, பூண்டைப் பொரித்து, அரிசியைக் கொதிக்கவிட்டுக் கிண்டிக்கொண்டிருக்கும்போதே அங்கே மரத்தூள் பறக்கும். அப்புறம் சால்டரிங் புகை வரும். பலகை இடுக்கு வழியாக அது என் கஞ்சிப் பானைக்கே வந்து எட்டிப் பார்க்கும். கையால் செய்த வேலை, பொய் சொல்லக்கூடாது, அழகாகவே இருந்தது. நாரா மரத்தைக் குடைந்து, மூலைகளை உருட்டி, எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றியிருப்பான். உள்ளே தடித் தடியான செம்புக் கம்பி.

அவன் பெட்டியை ஊரே தேடி வந்ததற்கு மரம் மட்டும் காரணமில்லை. எங்கள் பேச்சில் விளக்கு எரிந்தால் அது புஹாய், உயிரோடு இருக்கிறது. அணைந்தால் பத்தாய், செத்துவிட்டது. மனுஷனுக்கும் மின்விசிறிக்கும் ஒரே சொல்தான். கடைப் பெட்டிகளில் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதாவது போட்டிருக்கும். ரோடெல் மேலே புஹாய் என்றும் கீழே பத்தாய் என்றும் சூடு வைத்து எழுதினான். பையன்கள் அதற்கே மயங்கினார்கள். "பத்தாய்ல போட்டியா?" "பத்தாய், பத்தாய்" என்று என் கடையில் பேச்சு ஓடும். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது, பேச்சைக் காதில் வாங்குகிறவர்களுக்குத்தான் இவர்கள் யாருக்கோ கருமாதி செய்கிறார்களோ என்று சந்தேகம் வரும்.

பாதோங் என்று ஒருத்தன், மேகம் விடுகிற கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி. கொழுத்த உடம்பு, கனிந்த மனசு. அவன் ஒருநாள் முட்டையை உரித்துக்கொண்டே கேட்டான்.

"பாஸ், இவ்வளவு கரண்ட்டும் இந்த அரிசி சைஸ் சுவிட்ச் வழியாவா போவுது? உருகிடாது?"

"சுவிட்ச் வழியா ஒண்ணுமே போவாது" என்றான் ரோடெல். "நீ அமுக்கற பொத்தான் இருக்கில்ல, அது உத்தரவு போடும், அவ்வளவுதான். கதவைத் தொறக்கறது மாஸ்ஃபெட்." நகம் அளவு கறுப்புச் சில்லு ஒன்றை எடுத்துக் காட்டினான். மூன்று கால் இருந்தது. "மால் வாசல்ல செக்யூரிட்டி நிக்கிறான் பாரு, அந்த மாதிரி. நீ தலையாட்டினா தொறப்பான், இல்லேன்னா மூடியே வச்சிருப்பான்."

"செக்யூரிட்டி தூங்கிட்டா?"

"என் செக்யூரிட்டி தூங்க மாட்டான்."

பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ரோடெல் அப்போதும் மூடியை நெம்பிக்கொண்டிருந்தான்.

ஆரம்பத்தில் அவன் செய்த பெட்டிகளில் இந்த அரிசி சுவிட்ச் கிடையாது. ஜீப்னி பஸ்ஸின் முன்விளக்குக்குப் போடுகிற கட்டை சுவிட்ச் ஒன்று இருந்தது. தள்ளினால் 'டக்' என்று எனக்குக் கேட்கும். பெட்டி கொழுத்திருக்கும், இறுக்கமான ஜீன்ஸ் பையில் இறங்காது, புகையும் கொஞ்சம் கம்மி என்று பையன்கள் முனகினார்கள். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் பெட்டி இளைத்தது, சுவிட்ச் சிறுத்தது, 'டக்' சத்தம் நின்றுபோனது. எனக்கு அதில் என்ன தெரியும்? நன்றாகத்தான் இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

ஜோசலின் மட்டும் ஒருதரம் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "ஒண்ணைத் தொறந்து காட்டேன், பார்க்கறேன்."

"இங்கயும் இன்ஸ்பெக்‌ஷனா? பாக்டரிய விட்டு வெளிய வந்தாச்சு தாயே" என்றான் அவன்.

அவள் துணி துவைக்கப் போய்விட்டாள்.

ஜோசலினுக்கு ஒரு தம்பி, எல்மர். அக்காள் வீட்டிலேயே இருந்து வாடகைக்கு மூன்று சக்கர டிரைசைக்கிள் ஓட்டினான். வண்டி வரிசை என் கடைக்கு முன்னால்தான் நிற்கும். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசத் தெரியாதவன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பாதிக் காசு வாங்கிக்கொண்டு முழுத் தூரம் போவான். சிகரெட்டை விடட்டும் என்று ரோடெல் அவனுக்குச் சும்மாவே ஒரு பெட்டி கொடுத்திருந்தான். மாமன் கொடுத்தது என்று எல்மர் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தான்.

ஆகஸ்டு மாதம், விடாமல் பெய்த மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். எல்மர் மழைக்கோட்டோடு வண்டி சீட்டில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தான். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்து, "அக்கா, இஞ்சியை இன்னைக்குத் தாராளமா விட்டிருக்க போல, இங்க வரைக்கும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். தொடையைப் பார்த்தான். இஸ்ஸ் என்று ஒரு சத்தம், பாம்பு சீறுகிற மாதிரி. மழைக்கோட்டுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை. அடுத்த கணம் அவன் போட்ட கூச்சலை நான் எழுத மாட்டேன். கோட்டைக் கழற்றத் தெரியாமல் பைக்குள்ளேயே கையை விட்டான். பிளாஸ்டிக் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. நான் அரிசி கழுவின தண்ணீரை அண்டாவோடு தூக்கி அவன்மேல் ஊற்றினேன். அரிசியும் சேர்ந்தே போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது தொடையிலிருந்து முழங்கால் வரைக்கும் கட்டு, வலது உள்ளங்கையிலும் கட்டு. இடுப்புத் தோலை எடுத்துத் தொடையில் ஒட்டியிருந்தார்கள். ஜோசலின் தினமும் கட்டுத் துணியைக் கொதிக்கவைத்து, மழையில் காயாமல், என் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டாள். எல்மர் திரைக்குப் பின்னால் படுத்திருப்பான். வலியைவிட ஒரே ஒரு விஷயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

"பத்தாய்லதான் வச்சிருந்தேன் மாமா. மழை வருதேன்னு தள்ளிட்டுத்தான் பையில போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"பத்தாய்ல இருந்தா அது எப்படிடா எரியும் மச்சான்?" என்பான் ரோடெல். "பையில சில்லறை வச்சிருப்ப. வண்டிக்காரன் பை சில்லறை இல்லாம இருக்குமா? சில்லறை பட்டிருக்கும்."

"சில்லறை இடது பையில. பெட்டி வலது பையில."

"உனக்கு அந்த நேரத்துல எது வலது எது இடதுன்னு தெரிஞ்சிருக்குமா?"

எல்மர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். எதிர்த்துப் பேசத் தெரியாது அவனுக்கு.

பேச்சு வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரோடெல் அதை போனில் எழுதி, தன் பெட்டி வாங்கினவர்கள் கூடுகிற பக்கத்தில் போட்டுவிட்டான். அன்பான வாடிக்கையாளர்களே, சில்லறையையும் பெட்டியையும் ஒரே பையில் போட வேண்டாம், என் சொந்த மச்சானே கவனக்குறைவால் இப்படி ஆகிவிட்டான், படத்தைப் பாருங்கள். எல்மருடைய தொடைப் படம். அதற்குக் கீழே நூறு பேர் அழுகை முகம் போட்டிருந்தார்கள். சிரிப்பு முகமும் கொஞ்சம் இருந்தது. டிரைசைக்கிள் வரிசையில் எல்மருக்கு 'வெடி' என்று பெயர் வந்தது. கவனமில்லாதவன் வண்டியில் எப்படிப் பிள்ளைகளை ஏற்றிவிடுவது என்று பள்ளிக்கூடத் தாய்மார்கள் பேச ஆரம்பித்தார்கள். கால் ஆறினாலும் இனி அவன் வண்டியில் யார் ஏறுவார்கள் என்று வண்டிக்காரர் சங்கத்திலேயே கேட்டார்கள்.

"அந்தப் படத்தை எடுத்திருங்க" என்றாள் ஜோசலின்.

"எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க."

"அப்ப அந்தப் பெட்டியத் தொறந்து பாருங்க. என்ன ஆச்சுன்னு தெரியட்டும்."

"கரிக்கட்டையில என்ன தெரியும்?"

கரிக்கட்டை குளிர்சாதனப் பெட்டியின் மேல், குழந்தை ஏசு சிலைக்குப் பக்கத்தில், ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. பாட்டரி இருந்த பக்கம் முழுக்கப் போய்விட்டது. மறுபக்கம் மரம் பாதி தப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை எல்மர்தான் தூக்கி எறியவிடாமல் வைத்திருந்தான்.

ரோடெல் மரம் வாங்க தாஸ்மரினாஸ் போயிருந்த ஒரு பகலில் ஜோசலின் டின்னை இறக்கினாள். எனக்கு எப்படித் தெரியுமென்றால், கத்தியால் மரத்தை நெம்புகிற சத்தமும் அப்புறம் மல்டிமீட்டர் சத்தமும் கேட்டன. கம்பி அறுந்திருக்கிறதா ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அதில் ஒரு வசதி உண்டு. ஒட்டியிருந்தால் பீப் என்று கத்தும். ரோடெல் நாள் முழுக்க அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான், பீப், பீப் என்று விட்டு விட்டு வரும். அன்றைக்கு அது ஒரே மூச்சில் கத்தியது. நின்றது. மறுபடியும் கத்தியது. நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கஞ்சி அடிபிடித்தது.

ரோடெல் வந்து பலகைகளை இறக்கிவைத்ததும் அவள் பேசின குரல் எனக்குத் தெரிந்த ஜோசலின் குரல் இல்லை. லைனில் உட்கார்ந்து பேசியிருப்பாள் போல, அப்படி ஒரு தட்டையான குரல்.

"இங்க வாங்க. சுவிட்ச் எங்க இருக்கு, பாருங்க."

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"பாருங்க. மரத்துல எழுத்துகூடப் பாதி மிச்சம் இருக்கு. எந்தப் பக்கம்?"

"...பத்தாய்."

"என் தம்பி பொய் சொல்லல." மீட்டர் கத்தியது. "இது மாஸ்ஃபெட். இந்தக் காலுக்கும் இந்தக் காலுக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டு நிக்குது. தீயில ஆச்சா, தீயே இதாலதான் ஆச்சான்னு நீங்க கேப்பீங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. சுவிட்ச் ஏன் பொத்தான் கம்பியில இருக்கு? பாட்டரி கம்பியில இல்ல?"

"அந்தக் குட்டி சுவிட்ச் பாட்டரி கரண்ட்டைத் தாங்காது. உருகிடும்."

"அப்ப தாங்கற சுவிட்ச்சைப் போடறது."

"முன்னாடி அதத்தானே போட்டேன்? எவன் வாங்கினான்? குண்டா இருக்கு, வெயிட்டா இருக்கு, புகை வரலன்னு..." அவன் குரல் ஏறியது. "எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க ஜோசி. பொத்தானுக்குப் போற கம்பிய வெட்டினா உத்தரவு போகாது. உத்தரவு போகலன்னா மாஸ்ஃபெட் மூடியே இருக்கும். ரெசிஸ்டர்கூட சரியா வச்சிருக்கேன், பொத்தானை விட்ட உடனே அது தானா மூடிக்கும்."

"உயிரோட இருந்தா மூடும்" என்றாள். "செத்துப்போச்சுன்னா?"

அவன் பலகைகளைச் சுவரோரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"நானும் அந்த பாக்டரிலதான் இருந்தேன். மாஸ்ஃபெட் போச்சுன்னா பெரும்பாலும் எப்படிப் போகும்? கதவைத் தொறந்து வச்சிக்கிட்டேதான் போகும். உங்க செக்யூரிட்டி தூங்கல. நின்ன இடத்துலயே செத்துட்டான், கதவைத் தொறந்தபடி. வெளிய இருந்து யார் என்ன உத்தரவு போட்டு என்ன? சுவிட்ச் பத்தாய். மாஸ்ஃபெட் பத்தாய். பெட்டி மட்டும் புஹாய், என் தம்பி பையில."

 அப்புறம் அவன், "அந்த மாஸ்ஃபெட்ட எங்க வாங்கினேன்னு கேக்காத. பழைய போர்டுல இருந்து பிரிச்செடுத்ததும் கொஞ்சம் இருக்கு" என்றான் மெல்ல.

"எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. இன்னைக்கே."

"சொன்னா நாளைக்கு நாம என்ன சாப்பிடறது?"

"சொல்லாட்டி?"

மூன்றாவது குரல் ஒன்று வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து எல்மர். அவனும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான்.

"மாமா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் தப்பு இல்லேன்னு ஒரு வரி எழுதிடுங்க. ஒரே வரி."

ரோடெல் எழுதினான். அன்றைக்கே எழுதினான். என்ன எழுதினான் தெரியுமா? மழைக்காலச் சலுகை, என் பெட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இலவச பாலிஷ், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், சுவிட்சையும் புது மாதிரிக்கு மாற்றித் தருகிறேன்.  முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"ஏண்டா, இதுக்கு உண்மையச் சொல்லிடலாமேடா?"

"எல்லாத்தையும் சரி பண்ணத்தான்க்கா போறேன். கட்டை சுவிட்ச்சு, பாட்டரி கம்பியிலயே. நடுவுல ஃபியூஸும் வைக்கிறேன். எல்லாப் பெட்டியும் கைக்கு வந்துட்டா யாருக்கும் ஆபத்து இல்ல. அப்புறம் என்ன சொல்லி என்ன ஆகப்போவுது?"

"எல்மர்?"

"ஆறிடும்க்கா" என்றான். காலைச் சொன்னானா பெயரைச் சொன்னானா என்று எனக்கு விளங்கவில்லை.

ஞாயிறு அன்று மழை விட்டிருந்தது. சேறு நாறியது. பையன்கள் வந்தார்கள். என் இரண்டு பெஞ்சும் நிறைந்து, எல்மருடைய வண்டிமேலும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ரோடெல் என் கடைச் சாப்பாட்டு மேசையிலேயே துணி விரித்துப் பெட்டிகளை வாங்கி வைத்தான். சிலர் கொடுத்தார்கள். சிலர் புது சுவிட்சைக் கையில் எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

"பாஸ், இது டிராக்டர்ல இருந்து கழட்டினதா? என் பெட்டிக்கு வேணாம். பாலிஷ் மட்டும் போடுங்க."

"இது நல்லதுடா. உழைக்கும்."

"பழசே நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு... இது இன்னும் கொஞ்சம் நல்லது" என்றான் ரோடெல். சொல்லும்போது அவன் என் பக்கம் திரும்பவில்லை.

பாதோங் வெறுங்கையோடு வந்திருந்தான். இரண்டாவது கிண்ணம் கஞ்சியில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"உன் பெட்டி எங்க?" என்று ரோடெல் கேட்டான்.

"அப்பாகிட்ட குடுத்துட்டேன் பாஸ். ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் ஊதிட்டிருந்தார், பாவம், நெஞ்சு சளி. இப்ப சிகரெட்டையே தொடறதில்ல. உங்க பெட்டிமேல உசிரு அவருக்கு. ராத்திரி நாலு இழுப்பு இழுத்துட்டு, பத்தாய்ல தள்ளிட்டு, தலகாணிக்கு அடியில வச்சிக்கிட்டுத்தான் தூங்குவார்."

ரோடெல் கையில் இருந்த துணி நின்றது. "கொண்டு வாயேன். பாலிஷ் போட்டுத் தரேன்."

"அவருக்கு எதுக்கு பாஸ் பாலிஷ்? பொண்ணு பார்க்கவா போறார்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோடெலும் சிரிக்க முயற்சி பண்ணினான். சொல்லடா, சொல்லித் தொலையடா என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவன் வாயைத் திறந்து, "சரி, நேரம் கிடைக்கறப்போ கொண்டு வா" என்றான்.

வாசலில் கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. எல்மர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அன்றுதான் வெளியே வந்தான். ஒரு பக்கம் ஊன்றுகோல், மறுபக்கம் ஜோசலின் தோள். "ஓ, வெடி!" என்று எவனோ ஒருத்தன் பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்மர் அவனுக்கும் ஒரு தலையாட்டல் கொடுத்துவிட்டு, ரோடெலுக்கு எதிரே மெதுவாக உட்கார்ந்தான்.

"மாமா, உங்க பெட்டி எங்க?"

ரோடெல் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். வெறும் பெட்டி.

"பாட்டரி?"

ரோடெல் சட்டைப் பையைத் தொட்டான். டப்பா அங்கே இருந்தது.

"போடுங்களேன்."

"எதுக்குடா?"

"சும்மா. போடுங்க."

இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றோ என்னவோ ரோடெல் பாட்டரிகளைப் போட்டு மூடினான்.

"பத்தாய்ல தள்ளுங்க" என்றான் எல்மர். தள்ளினான். "இப்ப அதைப் பையில போட்டுக்கிட்டு ஒரு கிண்ணம் கஞ்சி சாப்பிடுங்க. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இருங்க. அவ்வளவுதான்."

 ரோடெல் பெட்டியை எடுத்தான். கால்சட்டைப் பை வரைக்கும் கொண்டுபோனான். கை அங்கேயே நின்றது.  அப்புறம் நான் தினமும் காலையில் பார்த்த அதே காரியத்தை அவன் கை தானாகச் செய்தது. நகம் மூடியை நெம்பியது. பாட்டரி இரண்டும் வெளியே வந்தன.

பழக்கம்க்கா என்றானே, அந்தப் பழக்கம்.  எழுதினவனுக்கே அந்த எழுத்தின்மேல் நம்பிக்கை இருந்ததில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

பக்கத்தில் ஒருத்தன் தன் பெட்டியை எடுத்தான், மூடியைத் திறந்தான். அடுத்தவன். அப்புறம் வண்டிமேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர்.  மூடிகள் திறக்கிற சத்தம் வரிசையாகக் கேட்டது.

பாதோங் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். போனை எடுத்தான், அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானைத் தட்டிவிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கிழக் குரல்.

"யாருடா?"

"அப்பா, பெட்டி எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? தலகாணிக்கு அடியில."

"எடுங்க. பின்மூடியத் தொறந்து பாட்டரிய உருவுங்க."

"ஏன்? எதுக்கு? பத்தாய்லதான்டா வச்சிருக்கேன். ரோடெல் சொல்லிக் குடுத்தாப்புலதான் வச்சிருக்கேன்."

"அப்பா, சொல்றதைக் கேளுங்க..."

"பத்தாய்லதான் இருக்குன்னு சொல்றேன், நீ வேற."

பாதோங் போனை ரோடெல் முகத்துக்கு முன் நீட்டினான். "நீங்க சொல்லுங்க. என் பேச்சைக் கேக்க மாட்டார், நீங்க சொன்னா கேப்பார்."

ரோடெல் போனைப் பார்த்தான். ஜோசலினைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, ரோடெல் பேசறேங்க. அந்தப் பத்தாயை நம்பாதீங்க" என்றான், தொண்டைக்குள்ளேயே.

"என்னப்பா? சத்தமாப் பேசு, காது கேக்கல."

"பத்தாய்னு எழுதினது பொய்ங்க."

"என்னது?"

"பொய்யிங்க!" ரோடெல் கத்தினான். "பத்தாய்னு நான் எழுதினது பொய்! அது பாட்டரிய நிறுத்தாது! பாட்டரிய எடுங்க வெளிய!"

சந்தின் கடைசி வீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். போனில் மூடி நெம்புகிற சத்தம், பிறகு எதையோ மேசைமேல் வைக்கிற சத்தம். "எடுத்துட்டேன் போ. முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா இதை?" என்றது கிழக் குரல். பாதோங் போனை அணைத்துவிட்டு, ரோடெலைத் திரும்பிப் பார்க்காமல், கஞ்சியையும் பாதியில் விட்டுவிட்டுப் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாலிஷுக்குக் கொடுத்தவர்கள் துணிமேல் இருந்து தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். 'வெடி' என்று கூப்பிட்டவன் மட்டும் எல்மர் பக்கத்தில் வந்து, ஏதோ சொல்ல நினைத்து, தோளைத் தொட்டுவிட்டு நடந்தான்.

மேசையில் கட்டை சுவிட்சுகள் கிடந்தன. ரோடெல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஊருக்கே கேட்கும்படி ஒரு பொய்யை ஒத்துக்கொண்டவனுக்கு இன்னமும் எதிரே இருந்தவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இதை எங்கிட்ட மெதுவாச் சொல்லியிருந்தாலே போதும் மாமா" என்றான் எல்மர்.

நான் அவனுக்கு ஒரு கிண்ணம் ஊற்றி வைத்தேன். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் கரண்டியைப் பிடித்தான். பாதிக் கஞ்சி மேசையில் சிந்தியது. ஜோசலின் துடைக்க வந்தாள். அவன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.